சுவரும் மேடையும் ஒரே அறையில்

சமூகக் கலைக்கூடம் ஒன்றின் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கச்சேரி என்றால் ஒரு தேதி, ஒரு நேரம், அவ்வளவுதான். கண்காட்சி என்றால் ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை’ என்று ஐந்தாறு வாரம் நீளும். நடுவே ஒரு வாரம் சுவரில் ஒன்றுமே இருக்காது. இந்தச் சின்ன அரங்குக்கெல்லாம் வருவாரா என்று நாம் நினைக்கும் ஒரு பெரிய கலைஞர் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வாசிப்பதாகப் போட்டிருக்கும். நீர்வண்ண ஓவியக் கண்காட்சியின் அறிவிப்புக்குக் கீழே ‘விளக்கு மங்கலாக இருக்கும்’ என்று ஒரு வரி. ஒட்டுத்தையல் துணிகளைத் தொங்கவிடும் மாதத்தில் பார்த்தால் மைக், ஸ்பீக்கர் வைத்த நிகழ்ச்சிகளாகவே இருக்கும்.

பட்டியல் போட்டவருடைய ரசனை என்று இதைத் தள்ளிவிடலாம். ரசனைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பட்டியலில் பாதியை முடிவு செய்வது ஓர் இடத் தகராறு. பெருநகரங்களில் ஓவியத்துக்கு ஒரு கட்டடம், இசைக்கு ஒரு கட்டடம் என்று தனித்தனியாக இருக்கும். சமூகக் கலைக்கூடத்துக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் ஒரே கூடம்தான். நாலு சுவரில் படம், ஒரு கோடியில் மேடை. சுவர் கேட்பதை மேடை கெடுக்கும், மேடை கேட்பதைச் சுவர் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் காலண்டரை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து பண்ணுகிறார்.

தகராறு எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் 19ஆம் நூற்றாண்டின் லண்டனுக்கு வந்து சேர்கிறோம். 1857இல் திறந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் காட்சிக்கூடங்களுக்குள் கேஸ் விளக்குகளைப் பொருத்தியது. பகல் முழுக்க வேலை பார்ப்பவர்கள் இரவில்தான் வர முடியும் என்பது காரணம். 1881 முதல் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் பார்னெட் தம்பதியர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சிகள் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்து வைத்ததற்கு எதிர்ப்பு வந்தது, அவர்கள் விடவில்லை. 1901இல் அங்கே ஒயிட்சேப்பல் கலைக்கூடம் எழுந்ததற்கு அதுதான் விதை. அதே லண்டனில் 1887இல் சவுத் பிளேஸ் என்ற இடத்தில் ஞாயிறு மாலைகளில் மலிவான அறையிசைக் கச்சேரிகள், அதாவது சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரிகள், தொடங்கின. பின்னாளில் கான்வே ஹாலுக்கு இடம் மாறியும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

இவர்கள் எல்லோரும் குறிவைத்தது ஒரே ஆளைத்தான்: மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் ஓய்வு உள்ளவரை. பார்ப்பவரும் கேட்பவரும் ஒருவரே, அவருக்குக் கிடைக்கும் நேரமும் ஒன்றே என்றான பிறகு இரண்டு கலையும் ஒரு கூரைக்குக் கீழே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் இரவில் படம் பார்க்க விளக்கு வேண்டும், விளக்கு படத்துக்கு ஆகாது. கேஸ் விளக்கால் ஓவியங்களுக்குக் கேடு வருமா என்று 1859இலேயே ஒரு குழு ஆராய்ந்தது. அதில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இருந்தார். 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நீர்வண்ணங்கள் மீது ஒளி என்ன செய்கிறது என்று நீண்ட சோதனைகள் செய்து அறிக்கை கொடுத்தார்கள். வெளிச்சம் சாயத்தை மங்கச் செய்கிறது, அதுவும் காற்றும் ஈரமும் கூடச் சேரும்போதுதான் பெரும்பாலான சாயங்கள் கெடுகின்றன என்பது அவர்கள் கண்டது. சரி, ஒளி, ஈரம், காற்று. ஒரு கச்சேரி அரங்குக்குள் கொண்டுவருவதும் இந்த மூன்றையும்தான்.

ஒளியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். காகிதத்தில் செய்த படைப்புக்கும் துணிக்கும் 50 லக்ஸ், எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் வேரூன்றிய வழக்கம். 50 லக்ஸ் என்பது வீட்டில் அந்திவேளையில் விளக்குப் போடலாமா என்று யோசிக்கும் அளவு வெளிச்சம். ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். இரவில் மூடி வைத்தால் ஆறிவிடுகிற காயம் கிடையாது. அதனால் வெளிச்சத்தை நேரத்தால் பெருக்கி ‘லக்ஸ்-மணி’ என்று கணக்கிடுகிறார்கள். மிக எளிதில் மங்கும் பொருளுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி போதும் என்று ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. ஒரு கூடம் தினம் 8 மணி நேரம், வாரம் 6 நாள், 6 வாரம் திறந்திருந்தால் 288 மணி நேரம். 50 லக்ஸால் பெருக்கினால் 14,400. அந்த ஓவியத்தின் ஓராண்டு ஒதுக்கீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது! நீர்வண்ணக் கண்காட்சிகள் ஆறு வாரத்தோடு நின்றுவிடுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை நான் ரசிக்கிறேன். அதே படத்தை 1,000 லக்ஸ் பகல் வெளிச்சம் விழும் சன்னல் அருகே மாட்டினால் அந்த 14,400 பதினைந்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இப்போது மேடைக்கு வருவோம். நோட்டு பார்த்து வாசிப்பவருக்குத் தாளின் மேல் சில நூறு லக்ஸ் வேண்டும். பாடகரின் முகம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். எனவே மேடைக்கு நேர் எதிர்ச் சுவரில், அதாவது விளக்குகளின் முதுகுப் பக்கம், காகிதப் படங்களைத் தள்ளிவிடுவார்கள். உலோகம், கல், மண்பாண்டம் மேடைப் பக்கம் வரும். எந்தச் சிற்பம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்காட்சி அமைப்பவரின் நுண்ணிய சிந்தனை என்று விமர்சகர்கள் எழுதுவதுண்டு. சில சமயம் அது ஸ்பாட்லைட்டின் வேலை.

அப்புறம் காற்று. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீராவியும் விடுகிறார். 200 பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் 20 கிலோவாட் ஹீட்டர் ஓடிய மாதிரி வெப்பம், அதோடு 20 லிட்டர் தண்ணீர். ஒரு முழுத் தண்ணீர் கேனை அறைக்குள் ஆவியாக்கியதற்குச் சமம். மரப்பலகையில் வரைந்த ஓவியம், இழுத்துக் கட்டிய கேன்வாஸ், காகிதம் எல்லாம் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். மெதுவாக நடந்தால் தாங்கிக்கொள்ளும். ஒரே மாலையில் ஏறி நள்ளிரவில் இறங்கினால்தான் வண்ணப் பூச்சு விரிசல் விடுகிறது. அதனால் ஓவியத்தை இரவல் தருகிறவர்கள் ஈரப்பதம் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேடையின் ஆள் ஒருவர் சுவரின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்: பியானோ. 88 கட்டைக்கு ஏறக்குறைய 230 தந்திகள். கச்சேரிக்கான பெரிய பியானோவில் அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 20 டன்னை நெருங்கும். அந்தத் தந்திகளின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது கீழே இருக்கும் மெல்லிய மரப்பலகை. ஈரம் ஏறினால் பலகை உப்புகிறது, சுருதி ஏறுகிறது. காலையில் காலி அரங்கில் சுருதி சேர்த்துவிட்டுப் போன பியானோ இரவில் ஆட்கள் நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே அனுபவமுள்ள டியூனர், கச்சேரி நேரத்தில் ஏ.சி. எப்படி ஓடுமோ அப்படியே ஓடவிட்டு, மேடை விளக்குகளையும் போட்டு வைத்துத்தான் வேலையைத் தொடங்குவார். ஒரு கூடத்தில் நல்ல பியானோ நிரந்தரமாக இருக்கிறது என்றால் அங்கே மாட்டும் படங்களும் ஓரளவு பத்திரமாகத்தான் இருக்கும் என்று நம்பலாம்.

ஒலிக்கு வந்தால் ஒரு சுவையான தற்செயல். அரங்க ஒலியியல் என்ற துறையே ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில்தான் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் இருந்தது. பேசுகிற சொல் ஒவ்வொன்றும் ஐந்தரை நொடி வரை சுற்றிக்கொண்டே இருந்ததால் யார் பேசியதும் யாருக்கும் புரியவில்லை. 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரி பண்ணச் சொன்னார்கள். அவர் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி, ஊர் அடங்கிய பிறகு கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும் வரை நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மெத்தைகள் கூடக் கூட முழக்கம், அதாவது ஒலியை நிறுத்திய பிறகும் அது அறையில் சுற்றும் நேரம், குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு நொடிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அறை பெரிதாக இருந்தால் முழக்கம் நீளும், ஒலியை விழுங்கும் பரப்பு அதிகமானால் முழக்கம் குறுகும் என்ற அவருடைய சூத்திரம் அந்த இரவுகளில் கிடைத்ததுதான். அதை வைத்துத் திட்டமிட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் 1900இல் திறந்தது.

சபைனின் கணக்கை ஒரு சாதாரணக் கூடத்துக்குப் போடலாம். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், சுண்ணாம்புச் சுவர், மரத்தரை. காலியாக இருக்கும்போது முழக்கம் 2 நொடி அளவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய உடையும் உடம்பும் ஒலியை விழுங்கி அதைச் சுமார் ஒரு நொடிக்குக் கொண்டுவந்துவிடும். மாலையில் சவுண்ட் செக்கில் கேட்ட அரங்கும் இரவில் கேட்கும் அரங்கும் வேறு வேறு என்று கலைஞர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். கண்ணாடி போட்ட சட்டகங்கள் ஒலியைத் திருப்பி அடிக்கும், அதனால் அவை பெரிய மாற்றம் செய்வதில்லை. தடித்த துணிகளைச் சுவரெங்கும் தொங்கவிட்டால் கதை மாறும். அவை சபைனின் மெத்தைகளுடைய வேலையைச் செய்யும். மைக் இல்லாத வயலினோ குரலோ அங்கே வறண்டு கேட்கும். பெருக்கி ஒலிக்கும் இசைக்கு முழக்கம் குறைவாக இருப்பது நல்லது, சொல்லும் தாளமும் குழையாது. துணிக் கண்காட்சி மாதத்தில் ஏன் ஸ்பீக்கர் வைத்த கச்சேரிகள் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இதைத் தெரிந்தே செய்யும் அமைப்பாளர்கள் உண்டு. தெரியாமல் செய்து, “எங்கள் ஹாலில் இந்த மாதம் என்னவோ சரியில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இந்தத் தகராறு ஒரே ஒரு தடவை முழுசாகத் தீர்ந்தது, அதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. 1939இல் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் படங்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டது. மிச்சம் இருந்தவை வெற்றுச் சுவர்கள். கச்சேரி அரங்குகளும் மூடிக் கிடந்தன. பியானோ கலைஞர் மைரா ஹெஸ், கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய் அங்கே கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி முதல் கச்சேரி நடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, மதிய இடைவேளையில். குண்டு மழை வலுத்தபோது கீழ்த்தளத்துக்கு மாறினார்கள், நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கேட்பாளர்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து நடந்தது. மக்களுக்குத் தங்கள் ஓவியங்களைப் பார்க்க முடியாதது உறுத்தத் தொடங்கியது. 1942இல், பத்திரமாக வைத்திருந்த இடத்திலிருந்து மாதம் ஒரே ஒரு ஓவியத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தபோது யாரும் ஒரு படத்தின் முன் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள். கூடம் நிறையப் படங்களை மாட்டினால்தான் கண்காட்சி என்று நினைக்கும் சிறிய கலைக்கூடங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. கச்சேரி மாதத்தில் ஒரு படம் போதும்.

காலண்டர் எப்படி நிரம்புகிறது என்று பார்த்தால் கண்காட்சிதான் முதலில் உட்கார்ந்துகொள்ளும். அழைப்பு விடுத்து, வந்தவற்றில் தேர்ந்தெடுத்து, சட்டகம் போட்டு, அனுப்ப ஏற்பாடு செய்ய ஓராண்டாவது பிடிக்கும். இரவல் படைப்புக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘ஆணியிலிருந்து ஆணிவரை’ என்பார்கள். உரிமையாளர் வீட்டு ஆணியிலிருந்து இறக்கியது முதல் மறுபடி அதே ஆணியில் ஏறும் வரை பொறுப்பு கூடத்துடையது. படம் வந்து சேர்ந்ததும் ஏற்கெனவே உள்ள கீறல், கறை எல்லாவற்றையும் குறித்துப் புகைப்படம் எடுத்து வைப்பார்கள், திருப்பி அனுப்பும்போது சண்டை வரக் கூடாது இல்லையா. இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவே வெறும் சுவராகத் தெரியும் அந்த ஒரு வாரத்தில் ஓட்டைகளை அடைக்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள், சராசரி கண்மட்டத்தில் வரும்படி அளந்து ஆணி அடிக்கிறார்கள். கெட்டிக்காரக் கூடங்கள் கூட்டம் அதிகம் வரும் கச்சேரியை, சுத்தியல் சத்தம் இல்லாத நாளாகப் பார்த்து, இந்த வாரத்தில்தான் வைக்கும். சுவரில் மூச்சுக்காற்றுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, நாற்காலியைச் சுவர்வரை போடலாம்.

கச்சேரித் தேதிகள் வேறு மாதிரி வரும். ஊர் ஊராகச் சுற்றும் கலைஞருக்கு வெள்ளி, சனி பெரிய அரங்குகள் கிடைத்துவிடும். நடுவில் வரும் செவ்வாய், புதன் சும்மா கழிந்தாலும் தங்கும் செலவும் கூட வருபவர்களின் சம்பளமும் நிற்காது. அந்த நாளை ஒரு சின்ன அரங்கு கேட்டால் குறைந்த தொகைக்கும் வருவார். முதலில் தேதியைப் பென்சிலில் குறித்து வைப்பார்கள். வேறு யாராவது அதே நாளைக் கேட்டால்தான் முதலில் குறித்தவர் ‘உறுதியா, விடுகிறீர்களா’ என்று பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் பட்டியல் அச்சுக்குப் போகும் நாள் வரை செவ்வாய்க்கிழமைகள் மாறிக்கொண்டே இருக்கும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சேரிக்கு டிக்கெட், கண்காட்சிக்கு இலவசம் என்பது பல இடங்களில் வழக்கம். கண்காட்சிக்கு இன்னும் பத்துப் பேர் வந்தால் கூடத்துக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. கச்சேரி அப்படி இல்லை. நால்வர் வாசிக்கும் ஓர் இசைப் படைப்புக்கு இருநூறு ஆண்டுக்கு முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ இன்றும் அதே அளவுதான் தேவை. மற்றத் தொழில்களில் எந்திரத்தால் உற்பத்தி கூடிச் சம்பளமும் கூடுகிறது. வாசிப்பவர் சம்பளமும் அதோடு ஏறியாக வேண்டும், ஆனால் உற்பத்தி கூட வழியே இல்லை. பொருளியலாளர்கள் பாமலும் போவனும் 1966இல் இதை விளக்கியதிலிருந்து டிக்கெட்டை மட்டும் நம்பி எந்த அரங்கும் நடக்காது என்பதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது: செலவு நோய். மீதியை மானியமும் நன்கொடையும் பயிற்சி வகுப்புகளும் கூடத்தை வாடகைக்கு விட்டு வரும் பணமும் கட்டித் தூக்குகின்றன.

யாருக்குப் பணம் போகிறது என்பதிலும் சுவரும் மேடையும் சமமாக இல்லை. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், தான் உட்கார்ந்திருந்த கபேயில் தன்னுடைய பாட்டையே காசு தராமல் வாசிக்கிறார்களே என்று கொதித்து, அப்படியானால் நானும் குடித்ததற்குக் காசு தரமாட்டேன் என்றார். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. 1851இல் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் சாசெம் அமைப்பு பிறந்தது. இன்று சிறிய அரங்கும் பொதுவில் இசை நிகழ்த்தினால் லைசென்ஸ் எடுக்கிறது. ஓவியருக்கு? “உங்கள் படத்தை இத்தனை பேர் பார்க்கிறார்களே” என்ற பெருமை. விற்றால் கூடத்துக்குக் கமிஷன் போக மீதி. விற்காவிட்டால் சட்டகச் செலவும் கைநட்டம். கனடாவில் ஓவியர்கள் 1968இல் கார்ஃபாக் என்ற அமைப்பைத் தொடங்கி, கூடங்கள் காட்சிக்கட்டணம் தர வேண்டும் என்று கேட்டார்கள். 1988இல் அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே காட்சிப்படுத்தும் உரிமை சேர்ந்தது. மற்ற பல நாடுகளில் இது இன்னும் கூடத்தின் நல்ல மனத்தைப் பொறுத்த விஷயம். என்னைக் கேட்டால், ஒரு கூடம் தன் ஓவியர்களுக்குக் கட்டணம் தருகிறதா என்பதை வைத்துத்தான் அதைப் பற்றி நான் முடிவெடுப்பேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பட்டியலை வைத்து என்ன செய்யலாம்? தொடக்க விழா மாலையில் போகலாம், ஆனால் படம் பார்க்க அது நல்ல நேரம் இல்லை. எல்லோரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் கதவு திறந்த உடனே போய்விடுங்கள், நாற்காலிகள் நிறைவதற்கு முன் அரைமணி நேரம் சுவர் உங்களுக்கே சொந்தம். நீர்வண்ணக் கண்காட்சிக்குள் நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று வெளியே வந்துவிடாமல் சில நிமிஷம் நில்லுங்கள், கண் பழகிவிடும். கண்காட்சி 28 வரை என்று போட்டிருந்தால் 27ஆம் தேதிக்குள் போய்விடுங்கள். கடைசி நாள் மதியமே யாராவது ஏணியோடு வந்து நிற்பார்கள்.